ஒவ்வொரு கண்ணாகப் பாருங்கள்: பிள்ளைகளின் பார்வைப் பரிசோதனை பற்றி ஓர் எளிய விளக்கம்

பிறந்ததிலிருந்தே மங்கலாகப் பார்க்கும் பிள்ளைக்குத் தனக்கு மங்கலாகத் தெரிகிறது என்பதே தெரியாது. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் தெரிகிறது என்று அது நினைத்துக்கொள்ளும். நேற்றுவரை வாசித்த பத்திரிகை எழுத்து இன்று கலங்கித் தெரிந்தால் நாங்கள் உடனே கண் டொக்டரைத் தேடுகிறோம். பிள்ளைக்கு ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒரு நேற்று இல்லை. அதனால் அது முறையிடாது. கரும்பலகை தெரியாவிட்டால் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும். பந்தைப் பிடிக்க முடியாவிட்டால் விளையாட்டில் ஆர்வமில்லாத பிள்ளை என்று பெயர் வாங்கும். கவனமில்லை, சோம்பேறி என்று ரீச்சரும் வீட்டாரும் சேர்ந்து ஏசுவார்கள்.

ஒரு கண் நன்றாகவும் மற்றது மோசமாகவும் இருந்தால் அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். நல்ல கண் எல்லா வேலையையும் பார்த்துக்கொள்ளும். பிள்ளை ஓடும், படம் கீறும், போனில் விளையாடும், கதைப் புத்தகம் வாசிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆகவே பிள்ளையின் பார்வை பற்றி முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான்: ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் மட்டும் பார்க்க வைக்காதவரை, இரண்டு கண்ணும் தெரிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தச் சோதனையைப் பாடசாலைக்குப் போவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கலாம். கண்ணாடி எப்போது போட்டாலும் சரிதானே? பெரியவர்களுக்குச் சரி. பிள்ளைகளுக்கு அப்படியில்லை.

மூளை பார்க்கப் பழகும் காலம்

பார்வை கண்ணோடு முடிவதில்லை. வெளிச்சம் கருவிழி வழியாகவும் வில்லை வழியாகவும் உள்ளே போய் விழித்திரையில் படமாக விழுகிறது. அந்தப் படத்தைப் பார்வை நரம்பு மூளைக்குக் கொண்டு போகிறது. அதை அம்மாவின் முகம் என்றும் ‘அ’ என்ற எழுத்து என்றும் புரிந்துகொள்வது மூளைதான். பிறந்த குழந்தையின் மூளைக்கு இது தெரியாது. முதல் நாட்களில் அதற்கு ஓரளவு தெரிவது 20, 30 சென்ரிமீற்றர் தூரத்தில் இருப்பவைதான். பால் கொடுக்கும்போது அம்மாவின் முகம் இருக்கிற தூரம் அது. இரண்டு மாதம் ஆகும்போது முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். மூன்று மாதமளவில் அசையும் பொருளைக் கண்ணால் தொடரும். இப்படியே படிப்படியாக, ஏழெட்டு வயது வரை, மூளை பார்க்கப் பழகிக்கொண்டே போகிறது.

இந்தக் காலத்தில் ஒரு கண்ணிலிருந்து தெளிவான படம் வராவிட்டால், மூளை அந்தக் கண்ணை விட்டுவிட்டு மற்றதை மட்டும் நம்பத் தொடங்கும். 1960களில் டேவிட் ஹியூபல், டோஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளில் இதைக் காட்டினார்கள். பிறந்து சில மாதங்கள் ஒரு கண்ணின் இமையைத் தைத்து மூடி வைத்துப் பிறகு திறந்தார்கள். கண்ணில் பழுது எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கண்ணுக்காக வேலை செய்ய வேண்டிய மூளைக் கலங்கள் மற்றக் கண்ணின் பக்கம் போய்விட்டிருந்தன. வளர்ந்த பூனையின் கண்ணை அதேபோல மூடி வைத்தபோது இப்படி நடக்கவில்லை. வயதுதான் வித்தியாசம். இவர்களுக்கு 1981இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பிள்ளைகளின் கண்ணை நேரத்தோடு பார்க்கச் சொல்லும் அறிவுரைக்கெல்லாம் அடித்தளம் இந்தக் கண்டுபிடிப்புத்தான்.

மனிதப் பிள்ளையில் இப்படி நடப்பதைச் சோம்பல் கண் என்கிறோம். ஆட்கள் நடக்காத ஒற்றையடிப் பாதையில் புல் மூடிவிடுவதுபோல, பாவிக்கப்படாத கண்ணுக்கும் மூளைக்கும் இடையிலான வழி தூர்ந்து போகிறது. உலகில் நூறு பிள்ளைகளில் ஒருவர் முதல் மூவர் வரை இது இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒருவராவது இருக்கக்கூடும்.

சோம்பல் கண் எப்படி வருகிறது

ஒரு காரணம் மாறுகண். எங்கள் ஆட்களில் பலர் வாக்குக் கண் என்பார்கள். இரண்டு கண்ணும் வெவ்வேறு திசையைப் பார்த்தால் மூளைக்கு இரண்டு படங்கள் வரும். வளர்ந்தவருக்குத் திடீரென்று இப்படி ஆனால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். பிள்ளையின் மூளையோ சிக்கலைத் தவிர்க்க ஒரு படத்தை அணைத்துவிடும். பிள்ளைக்கு ஒரு கஷ்டமும் இல்லை, ஆனால் விலகிய கண் பார்க்கப் பழகாமலே நின்றுவிடும். பிறந்த முதல் மூன்று நான்கு மாதங்களில் கண் இடைக்கிடை விலகுவது சாதாரணம். அதற்குப் பிறகும் விலகினால், அல்லது எந்த வயதிலும் ஒரு கண் எப்போதும் விலகியே இருந்தால், காட்ட வேண்டும். மூக்குத் தண்டு அகலமாக இருக்கும் கைக்குழந்தைகளில் மாறுகண் இல்லாமலே இருப்பதுபோலத் தோன்றுவதும் உண்டு. அது எது என்று சொல்ல வேண்டியவர் வைத்தியர்தான்.

வாக்குக் கண் அதிர்ஷ்டம், வளர வளரச் சரியாகிவிடும் என்று வீட்டில் மூத்தவர்கள் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சை நம்பிக் காத்திருந்த வருடங்களில்தான் பல பிள்ளைகளின் ஒரு கண் பார்வை போயிருக்கிறது. அம்மம்மாவோடு வாக்குவாதம் வேண்டாம். “சரி அம்மம்மா” என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் போங்கள்.

இரண்டாவது காரணத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன், ஏனென்றால் அது முகத்தில் தெரியாது. இரண்டு கண்ணுக்கும் வேண்டிய பவர் வேறுபட்டிருப்பது அது. ஒரு கண்ணுக்குக் கண்ணாடியே வேண்டாம், மற்றதற்குக் கூடிய பவர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கண் விலகாது, சிவக்காது, வலிக்காது. மூளை தெளிவான படத்தை எடுத்துக்கொண்டு மங்கலானதைத் தள்ளிவிடும். வருடங்கள் போன பிறகு, சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு மருத்துவச் சோதனைக்குப் போகும்போது, ஒரு கண்ணை மூடச் சொன்னதும்தான் தெரியவரும். அதற்குள் ஏழெட்டு வயது கடந்து எவ்வளவோ காலமாகிவிட்டிருக்கும். அந்த வயதுக்குப் பிறகு முன்னேற்றமே வராது என்றில்லை. பதின்ம வயதில்கூடச் சிலருக்குச் சிகிச்சை பலன் தந்திருக்கிறது. ஆனால் வயது கூடக் கூட அதன் பலன் குறைந்துகொண்டே போகும்.

மூன்றாவது, வெளிச்சம் உள்ளே போக முடியாமல் ஏதாவது மறைப்பது. பிறவியிலேயே வரும் கண்புரை, கண்மணியை மூடும் அளவுக்குத் தொங்கும் இமை போன்றவை. இவற்றுக்கு நாள் கணக்கு முக்கியம். ஒரு கண்ணில் மட்டும் தடித்த புரையோடு பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு கிழமைகள் அளவில் சத்திரசிகிச்சை செய்வதே நல்லது என்பார்கள். பிள்ளை கொஞ்சம் பெருக்கட்டும் என்று காத்திருக்கும் விஷயம் இல்லை இது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பிளாஷ் போட்டு எடுத்த படங்களில் சில நேரம் கண்மணி சிவப்பாகத் தெரியும், அது விழித்திரையின் நிறம். ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் அல்லது மஞ்சளாகவும் தெரிந்தால் அதைச் சும்மா விடாதீர்கள். படம் எடுத்த கோணத்தாலும் அப்படி வரலாம். ஆனால் கண்புரையும் அப்படித்தான் தெரியும், சிறு பிள்ளைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றுநோயும் அப்படித்தான் தெரியும். அந்தப் புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே வருவது. நேரத்தோடு கண்டால் உயிரைக் காப்பாற்றலாம், பல வேளைகளில் கண்ணையும் காப்பாற்றலாம். படத்தைக் கையோடு கொண்டு அந்தக் கிழமையே கண் வைத்தியரிடம் காட்டுங்கள்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளின் கதை தனி. 32 கிழமைக்கு முன்போ 1,500 கிராமுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தையின் விழித்திரை இரத்தக் குழாய்கள் முறையாக வளராமல் போகலாம். பிறந்து நான்கு கிழமையளவில் கண் வைத்தியர் ஒருமுறை உள்ளே பார்க்க வேண்டும். இதற்கென்று வைத்தியசாலையில் திகதி தந்தால், வீட்டில் எவ்வளவு சிரமம் இருந்தாலும் அந்தத் திகதியைத் தவற விடாதீர்கள்.

கிளினிக்கிலும் பாடசாலையிலும்

பார்வைப் பரிசோதனை என்று சொல்லும்போது இரண்டு வேறு விஷயங்களைச் சேர்த்துப் பேசிவிடுகிறோம். கிளினிக்கிலோ பாடசாலையிலோ நடப்பது பல பிள்ளைகளை விரைவாகப் பார்த்து, யாருக்கு மேலும் சோதனை வேண்டும் என்று பிரித்தெடுக்கும் வேலை. அதில் தேறாவிட்டால் நோய் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, அடுத்த கட்டச் சோதனை தேவை என்றுதான் அர்த்தம். தேறிவிட்டால் இனி எப்போதும் பயமில்லை என்றும் அர்த்தம் இல்லை.

இலங்கையில் இதற்கு ஓர் ஒழுங்கு ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் தருகிற, எடையைக் குறித்துத் தடுப்பூசிகளை எழுதும் சுகாதாரப் பதிவேட்டைப் பிரித்துப் பாருங்கள். பிள்ளை வெளிச்சத்தைப் பார்க்கிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா என்பதுபோலக் கண் சம்பந்தமான கேள்விகளும் அதில் இருக்கும். ஊசி போடும் அவசரத்தில் நாங்கள் அந்தப் பக்கத்தைக் கவனிப்பதில்லை. கொழும்பு மாநகரசபையின் கிளினிக்காக இருந்தாலும் வேறு இடத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையாக இருந்தாலும், மிட்வைஃபிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிக் கேட்கலாம். சந்தேகம் என்றால் கண் கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள்.

பாடசாலை தொடங்கியதும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை வரும். பெரிய பாடசாலைகளில் தரம் 1, 4, 7, 10 மாணவர்களைப் பார்ப்பார்கள். 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளில் எல்லா வகுப்பையும் பார்ப்பார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எழுத்து அட்டையைத் தொங்கவிட்டு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்வார். நல்ல ஏற்பாடு இது. ஆனால் தரம் 1க்கு வரும்போது பிள்ளைக்கு ஐந்து வயது தாண்டிவிடும். அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து வீட்டில் நின்றுவிட்டால் அடுத்தது தரம் 4, அப்போது எட்டு ஒன்பது வயது. சோம்பல் கண்ணுக்கு அது பிந்திய வயது. உங்கள் பிள்ளை படிப்பது சர்வதேசப் பாடசாலை என்றால் இந்தப் பரிசோதனை அங்கே நடக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என் கருத்து இது: முன்பள்ளிக்குச் சேர்க்கும் காலத்தில், மூன்று முதல் நான்கு வயதுக்குள், ஒரு தடவை கண்ணைப் பார்த்துவிடுங்கள். வீட்டில் யாருக்காவது சிறு வயதிலேயே கண்ணாடி, மாறுகண், சோம்பல் கண் இருந்திருந்தால் அதற்கும் முன்பே.

எழுத்துத் தெரியாத மூன்று வயதுப் பிள்ளையை எப்படிச் சோதிப்பது என்று பலர் கேட்கிறார்கள். அப்பிள், வீடு, வட்டம், சதுரம் போன்ற உருவங்கள் உள்ள அட்டைகள் இருக்கின்றன. பிள்ளை பெயர் சொல்லலாம், அல்லது கையில் இருக்கும் அட்டையில் அதேபோன்ற உருவத்தைத் தொட்டுக் காட்டலாம். ஆங்கில ‘ஈ’ எழுத்து எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறது என்று விரலால் காட்டும் முறையும் உண்டு. இன்னும் சின்னக் குழந்தைகளுக்கு வெளிச்சம் அடித்துக் கண்ணின் பவரை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. பிள்ளை பதில் சொல்லவே தேவையில்லை.

சரி, அறிக்கையில் 6/6, 6/12 என்று எழுதியிருக்கும். 1862இல் நெதர்லாந்துக் கண் வைத்தியர் ஹேர்மன் ஸ்னெல்லன் உருவாக்கிய அட்டையிலிருந்து வந்த கணக்கு இது. முதல் எண், பிள்ளை நின்ற தூரம், அதாவது 6 மீற்றர். இரண்டாவது எண், நல்ல பார்வை உள்ளவர் அதே எழுத்தை எவ்வளவு தூரத்தில் நின்று வாசிப்பார் என்பது. 6/12 என்றால், மற்றவர் 12 மீற்றரில் வாசிப்பதை உங்கள் பிள்ளை 6 மீற்றருக்கு வந்துதான் வாசிக்கிறது. மூன்று வயதுப் பிள்ளை 6/6 வாசிக்கவில்லை என்று பதற வேண்டாம், அந்த வயதில் அவ்வளவு எதிர்பார்ப்பதில்லை. இரண்டு கண்ணுக்கும் எழுதியிருக்கும் எண்களுக்கு இடையில் வித்தியாசம் இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். அதுதான் முக்கியமான தகவல்.

வீட்டில் என்ன பார்க்கலாம்

கைக்குழந்தையோடு விளையாடும்போது உள்ளங்கையால் முதலில் ஒரு கண்ணையும் பிறகு மற்றதையும் மெதுவாக மறைத்துப் பாருங்கள். ஒரு கண்ணை மறைத்தால் சும்மா இருக்கிறது, மற்றதை மறைத்தால் சிணுங்கிக் கையைத் தட்டிவிடுகிறது என்றால், திறந்திருக்கும் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று சந்தேகப்படலாம். பெரிய பிள்ளை என்றால் காலி வீதி பஸ் நிறுத்தத்தில் நிற்கும் நேரம் போதும். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லித் தூரத்தில் வருவது 100ஆ 101ஆ என்று கேளுங்கள். அடுத்த பஸ்ஸுக்கு மற்றக் கண். விரல்களால் மூடினால் இடைவெளியால் பார்த்துவிடுவார்கள், எல்லாப் பிள்ளைகளும் இதில் கெட்டிக்காரர்.

தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பது, வெயிலில் ஒரு கண்ணை மட்டும் மூடுவது, ரிவிக்கு முன்னால் ஒட்டி நிற்பது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, படி இறங்கும்போது தடுமாறுவது, வாசிக்கும்போது வரி தவறுவது எல்லாம் காட்ட வேண்டிய அறிகுறிகள். இது ஒன்றும் இல்லை, வீட்டுச் சோதனையிலும் தேறிவிட்டது என்பதற்காக மூன்று வயதுப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கண் வைத்தியசாலையில் நடப்பது

கொழும்பில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் வசதி அதிகம். லிப்டன் சுற்றுவட்டத்தில் நிற்கும் பழைய சிவப்புக் கட்டடத்தை எல்லோருக்கும் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விக்டோரியா நினைவுக் கண் வைத்தியசாலையாகக் கட்டப்பட்டது அது. இன்றைய தேசிய கண் வைத்தியசாலையும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பொரளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. இரண்டும் அரசாங்க வைத்தியசாலைகள், சிகிச்சைக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. கூட்டம் இருக்கும், காலையிலேயே போக வேண்டியிருக்கும். அவ்வளவு நேரம் நிற்க முடியாதவர்கள் தனியார் வைத்தியசாலையில் கண் வைத்திய நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணிக் காட்டலாம். சிங்களம் அவ்வளவாக வராத அம்மாக்கள் மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சொன்னது விளங்கவில்லை என்றால் திரும்பக் கேட்கத் தயங்க வேண்டாம். மருந்தை எத்தனை நாள் எந்தக் கண்ணுக்கு விட வேண்டும் என்பதில் தவறு வரக்கூடாது.

பிள்ளையின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிய வைப்பார்கள். பெற்றோர் பலர் இதற்குத்தான் பயப்படுகிறார்கள், ஆனால் இது இல்லாமல் பிள்ளைக்குச் சரியான பவர் பார்ப்பது கடினம். பிள்ளையின் கண் வில்லை மிகவும் நெகிழ்வானது. கிட்டப் பார்க்க அது தானாகவே தடித்துக்கொள்ளும். சோதனை நேரத்திலும் அப்படித் தடித்துக்கொண்டால், பிளஸ் பவர் வேண்டிய தூரப்பார்வைக் குறை மறைந்துபோகும், தூரம் தெரியாத கிட்டப்பார்வை இல்லாமலே இருப்பதுபோலவும் தோன்றும். சொட்டு மருந்து, வில்லையைத் தடிக்க வைக்கும் தசையைச் சில மணி நேரம் ஓய்வாக வைக்கிறது. விடும்போது கொஞ்சம் எரியும். அன்று முழுதும் வெளிச்சம் கூசும், கொப்பி எழுத்து மங்கும், அடுத்த நாளளவில் சரியாகிவிடும். சில வகை மருந்தின் விளைவு ஒரு கிழமைக்கு மேலும் இருக்கும். எனவே வகுப்புப் பரீட்சைக்கு முதல் நாள் போகாதீர்கள், ஒரு தொப்பியும் கொண்டு போங்கள். ஒப்டிகல் கடையில் கம்பியூட்டரில் பார்த்த பவரை மட்டும் வைத்துச் சிறு பிள்ளைக்கு முதல் கண்ணாடி செய்யக் கூடாது என்று நான் சொல்வதும் இதனால்தான்.

கண்ணாடி எழுதித் தந்தால் போட வேண்டும், முழு நேரமும் என்று சொன்னால் முழு நேரமும். கண்ணாடி போட்டால் கண் அதற்குப் பழகிப் பவர் கூடிவிடும் என்பது உண்மையல்ல. பவர் கூடுவது கண் வளர்வதால். கண்ணாடி போடாமல் விட்டாலும் கூடத்தான் செய்யும், இடையில் பிள்ளை மங்கலாகப் பார்த்ததுதான் மிச்சம். பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்குக் கலியாணம் பேசும்போது சொல்வார்கள் என்ற தயக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. இதைக் கேட்கும்போது எனக்கு உண்மையில் கோபம் வரும். ஐந்து வயதில் ஒரு கண் பார்வையைக் காப்பாற்ற முடியும் என்றிருக்கும்போது இருபது வருடத்துக்குப் பிறகு யாரோ சொல்லப்போகும் வார்த்தைக்காக அதை விட்டுக்கொடுப்பதா?

சோம்பல் கண்ணுக்கு முதல் மருந்தே கண்ணாடிதான். சரியான கண்ணாடியைத் தொடர்ந்து போட்டாலே சில மாதங்களில் பார்வை கூடும், சிலருக்கு அது மட்டுமே போதும். போதாவிட்டால் நல்ல கண்ணை ஒட்டுப்போட்டு மூடி, சோம்பல் கண்ணை வேலை செய்ய வைப்பார்கள். ஒரு காலத்தில் நாள் முழுதும் மூடச் சொன்னார்கள். 2003இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, நடுத்தர அளவுச் சோம்பல் கண்ணுக்கு நாளுக்கு 2 மணி நேரம் மூடுவது 6 மணி நேரத்தைப் போலவே பலன் தருகிறது என்று காட்டியது. உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை வைத்தியர் சொல்வார். ஒட்டைத் தோலின் மேல் ஒட்டுங்கள். கண்ணாடியின் மேல் ஒட்டினால் ஓரத்தால் எட்டிப் பார்ப்பார்கள். மூடியிருக்கும் நேரத்தில் நிறம் தீட்டுவது, மணி கோப்பது, பிடித்த கதை வாசிப்பது என்று கண்ணுக்கு வேலை கொடுங்கள். முதல் கிழமை அழும், பிடுங்கி எறியும். நல்ல கண்ணை மூடிவிட்டால் பிள்ளைக்கு உண்மையாகவே தெரியவில்லை, அதனால்தான் அந்த அழுகை. ஏசாமல் பக்கத்தில் இருந்து விளையாடுங்கள். ஒட்டைத் தாங்க முடியாத சில பிள்ளைகளுக்கு, நல்ல கண்ணைத் தற்காலிகமாக மங்க வைக்கும் அட்ரோபின் சொட்டு மருந்து கொடுப்பதும் உண்டு. சிகிச்சையை நிறுத்திய பிறகு நாலில் ஒரு பிள்ளைக்கு அளவில் பார்வை மீண்டும் குறையக்கூடும், ஆகவே திரும்ப வரச் சொன்ன திகதிகளை விட வேண்டாம்.

ரியூசனும் கிட்டப்பார்வையும்

சோம்பல் கண் சின்ன வயதுப் பிரச்சினை. பாடசாலை வயதில் வருவது பெரும்பாலும் கிட்டப்பார்வை, அதாவது கிட்ட இருப்பது தெரியும், தூரம் தெரியாது. பிறக்கும்போது கண்ணின் நீளம் 16, 17 மில்லிமீற்றர் அளவு. வளர்ந்தவருக்கு 23, 24. இந்த வளர்ச்சி தேவையான இடத்தில் நிற்காமல் நீண்டுகொண்டே போனால் கிட்டப்பார்வை. ஒரு மில்லிமீற்றர் கூடினாலே ஏறத்தாழ இரண்டரை டயொப்டர் (பவரை அளக்கும் அலகு) பவர் ஆகிவிடும். சீட்டில் மைனஸ் 2 என்று எழுதியிருந்தால், கண்ணாடி இல்லாமல் பிள்ளைக்கு 50 சென்ரிமீற்றருக்கு அப்பால் தெளிவில்லை. மைனஸ் 4 என்றால் 25 சென்ரிமீற்றர். மைனஸ் 6ஐத் தாண்டினால் பிற்காலத்தில் விழித்திரை கழன்று போவது போன்ற ஆபத்துகள் கூடும்.

இதைத் தடுக்க உதவும் என்று நன்றாக நிரூபிக்கப்பட்ட ஒன்று பணமில்லாமல் கிடைக்கிறது: வெளிச்சத்தில், வீட்டுக்கு வெளியே இருப்பது. சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை, ஆறேழு வயதினரை, ஒப்பிட்டு 2008இல் ஓர் ஆய்வு வந்தது. சிட்னியில் 100க்கு ஏறத்தாழ 3 பேருக்குக் கிட்டப்பார்வை, சிங்கப்பூரில் 29 பேருக்கு. சிட்னிப் பிள்ளைகள் கிழமைக்கு 13 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரம். பிறகு சீனாவின் குவாங்சோ நகரில் சில பாடசாலைகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் அந்தப் பிள்ளைகளில் 30 வீதமானோருக்குக் கிட்டப்பார்வை வந்தது, மற்றப் பாடசாலைகளில் 39 வீதத்துக்கு மேல். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வீட்டுக்குள் அது சில நூறு லக்ஸ்தான், வெளியே பல ஆயிரம். அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்க வைத்துக் கண் நீள்வதைக் கட்டுப்படுத்துகிறது என்பதே இப்போது பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கம். சுள்ளென்ற வெயில் தேவையில்லை, மர நிழலே போதும்.

நாளுக்கு இரண்டு மணி நேரம் என்பது பொதுவான பரிந்துரை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடியில் வாழும் பிள்ளைக்கு இது எங்கே கிடைக்கும்? பாடசாலை விட்டதும் சாப்பாடு, சாப்பிட்டதும் ரியூசன், வந்ததும் வீட்டுப்பாடம், இடையில் போன். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வரும் வருடம் இன்னும் மோசம். கண் நீளும் வயதும் அந்த வயதுதான். ஒரு வகுப்பைக் குறைத்து அந்த நேரத்தில் பிள்ளையை வெளியே விடுங்கள் என்று சொன்னால் பெற்றோருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன். முடியாவிட்டால் பாடசாலை இடைவேளையில் வகுப்புக்குள் இருக்காமல் வெளியே போகச் சொல்லுங்கள், ரியூசனுக்கு நடந்து கூட்டிக்கொண்டு போங்கள், ஞாயிறு காலையில் காலிமுகத்திடலுக்கோ விகாரமகாதேவி பூங்காவுக்கோ போங்கள். டெங்குக்குப் பயந்து பிள்ளையை உள்ளே வைத்திருக்கும் பெற்றோரின் பயம் நியாயமானது. நீண்ட கை உடுப்பும் நுளம்புக்குப் பூசும் கிரீமும் போட்டு அனுப்பலாம்.

போனைப் பொறுத்தவரை, இரண்டு வயதுக்கு முன் வேண்டாம், ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்னது. கிட்டப்பார்வை வேகமாகக் கூடும் பிள்ளைகளுக்கு மிகக் குறைந்த செறிவுள்ள அட்ரோபின் சொட்டு மருந்தும் விசேட வில்லைகளும் இருக்கின்றன. வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக: பொன்னாங்காணி, முருங்கை இலை, பப்பாசி, மாம்பழம், முட்டை எல்லாம் நல்லது, விற்றமின் ஏ குறைந்தால் கண் பழுதாகும். கிளினிக்கில் தரும் விற்றமின் ஏயும் அதற்குத்தான். ஆனால் பொன்னாங்காணி சாப்பிட்டுக் கண்ணாடியைக் கழற்ற முடியாது. கண்ணின் நீளத்தைக் கீரை குறைக்காது.

அவசரமான சில

எப்போதும் கண்ணைக் கசக்கும் பிள்ளைக்கு ஒவ்வாமை இருக்கலாம். தூசியும் புகையும் உள்ள நகரத்தில் இது அடிக்கடி வரும். விடாமல் கசக்கினால் கருவிழி மெலிந்து கூம்பிப்போகவும் கூடும். இதற்குப் பார்மசியில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டெரொய்ட் இருந்தால், உடனே சுகம் தெரியும், மாதக் கணக்கில் விட்டால் கண் அழுத்தமும் புரையும் வரும். பழைய போத்தலைத் திரும்பத் திரும்பப் பாவிக்காதீர்கள். கண் சிவந்தால் தாய்ப்பால் விடுவதும் வேண்டாம்.

தீபாவளிக்கும் வருடப் பிறப்புக்கும் வெடி கொளுத்தும்போது பிள்ளைகளை விலக்கி நிறுத்துங்கள். வெடிக்காத வெடியைக் குனிந்து பார்ப்பதில்தான் பல கண்கள் போகின்றன. கண்ணில் ஏதாவது குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அழுத்தாதீர்கள், தண்ணீர் விடாதீர்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் கப்பைக் கண்ணில் முட்டாமல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கண் வைத்தியசாலைக்கு நேரே போங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்போ, கழிப்பறை கழுவும் திரவமோ கண்ணில் பட்டால் செய்ய வேண்டியது இதற்கு எதிர்மாறு. அப்போது முதல் வேலை தண்ணீர்தான், வைத்தியசாலை பிறகு. பிள்ளை கத்தினாலும் இமையை விரித்துப் பிடித்து, ஓடும் குழாய்த் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவுங்கள். இமைக்குள் சுண்ணாம்புக் கட்டி இருந்தால் ஈரத் துணி நுனியால் எடுத்துவிடுங்கள். ஒருவர் கழுவிக்கொண்டிருக்கும்போதே மற்றவர் ஓட்டோவுக்குச் சொல்லட்டும். போகும்போது தண்ணீர்ப் போத்தலையும், பட்டது எது என்று காட்ட அந்தப் பக்கெற்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.